கையின் உள்பக்கம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது நான் கண்ணால் பார்த்தது, மூக்கால் முகர்ந்தது. முகர்ந்ததுதான் இன்னும் போகவில்லை.

என் தொழில் நோயாளியாக நடிப்பது. மருத்துவ மாணவர்கள் நோயாளியிடம் பேசிப் பழக ஓர் ஆள் வேண்டுமே, அது நான்தான். நெஞ்சுவலி, மஞ்சள் காமாலை, குறைப்பிரசவம், எல்லாம் எனக்கு வந்து போயிருக்கிறது. வீட்டில் நிஜமாகவே தலைவலி என்று படுத்தால்கூட என் கணவர், "இது எந்தக் காலேஜுக்கு?" என்பார்.

அன்றைக்கு வேறு மாதிரி வேஷம். மருத்துவ நெறிமுறை சொல்லித்தரும் மேடம் கூப்பிட்டிருந்தார். டாக்டர்களே நோயாளிகளுக்குச் செய்த பழைய கொடுமைகளைப் பற்றிய வகுப்பு. ஊர் உலகத்துக் கதையெல்லாம் முடித்து, அந்தக் கல்லூரியின் சொந்தக் கதைக்கு வந்திருந்தார். கல்லூரியைத் தொடங்கிய பெரிய டாக்டர், தான் தயாரித்த களிம்பைச் சோதிக்க, இலவச வார்டில் கிடந்த ஒரு பெண்ணின் இடது கையில் கத்தியால் மூன்று புண் போட்டாராம். சீழ் பிடிக்கட்டும் என்று அழுக்கை வைத்துக் கட்டினாராம். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீ. வாசலில் அந்த ஆளுக்குச் சிலை வேறு. அந்தப் பெண்ணாகத்தான் நான் நடிக்க வேண்டும்.

"அப்புறம் அந்தம்மா என்ன ஆனாங்க மேடம்?"

"புண்ணு ஆறி, வீட்டுக்குப் போயி, நல்லா வாழ்ந்தாங்களாம். செத்தப்புறம் நன்றிக்கடனா அந்தக் கையைக் காலேஜுக்கே குடுக்கச் சொன்னாங்களாம். மியூசியத்துல ஜாடியில இருக்கு. மூணு தழும்பும் தெரியும்."

"நீங்க நம்புறீங்களா?"

"இல்ல. ஆனா ஆதாரம் இல்லையே. இன்னைக்குத் துறைத்தலைவர் வந்து உக்காரப்போறார். ஒரு கெடுதலும் நடக்காததைக் கொடுமைன்னு சொல்லாதீங்க, இதோட இந்தப் பாடத்தை நிறுத்திக்கோங்கன்னு சொல்லிட்டார். இதுதான் கடைசித் தடவை."

மேடத்தின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நன்றிக்கடனாம். கருமம்.

வேஷம் போட மியூசியத்தை ஒட்டிய சின்ன அறையைக் கொடுத்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, கை கழுவும் தொட்டி. உள்சுவரில் இன்னொரு கதவு, சாத்தியிருந்தது. மாலை ஐந்து மணி. இடது கையில் பசையும் சாயமும் வைத்து மூன்று புண் போட்டேன். நானே சொல்லக்கூடாது, அசல் மாதிரி வந்திருந்தது.

முதலில் வாடைதான் வந்தது. எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எலி இல்லை. எனக்குப் பின்னால் இரண்டு பாதங்கள் இருந்தன.

திரும்பினேன். ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். வெளுத்துப்போன ஆஸ்பத்திரி அங்கி. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரே வேஷத்துக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தொலைத்திருக்கிறார்களே என்று.

"நீங்களும் இதுக்குத்தான் வந்தீங்களா?"

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைக் கேட்டாங்களா?" என்றாள்.

"கேட்டுத்தான் கூப்பிட்டாங்க."

"வேண்டாம்னு சொன்னா?"

"வேற ஆளைப் பாத்துப்பாங்க."

"விட்டுடுவாங்களா..." என்றாள். அதை அவளால் நம்ப முடியவில்லை என்று தெரிந்தது.

பிறகு கிட்டே வந்தாள். வாடை தொண்டையில் இறங்கியது. வலது கையால் என் இடது கையைப் புரட்டினாள். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், ஒரு விரலை வைத்து அழுத்தினாள்.

"இங்க ஒண்ணை விட்டுட்ட."

விரல் சுட்டது. காய்ச்சல்காரர் உடம்புச் சூடு. கையை இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன்... அவளுடைய இடது பக்க அங்கிக்கை தட்டையாகத் தொங்கியது.

உள்கதவைத் திறந்துகொண்டு போனாள். 'டக்' என்று சாத்திய சத்தம் கேட்டது.

வகுப்பில் டாக்டராக நடித்த மாணவன் பிளாஸ்டிக் கத்தியோடு வந்தான். எனக்கு வசனமே கிடையாது. வாயை மூடிக்கொண்டு கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அவள் தொட்ட இடம் விண் விண் என்று தெறித்தது.

என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை.

"உள்பக்கம் வேண்டாம் ஐயா... அது இன்னும் ஆறல..."

அறை முழுக்க அந்த வாடை. முன்வரிசை மாணவிகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து வெளியே ஓடினாள்.

துறைத்தலைவர் கைதட்டினார்.

"பிரமாதமான நடிப்பு. ஆனா உணர்ச்சி வேற, உண்மை வேற. மூணு புண்ணு, மூணும் ஆறிடுச்சு. இந்தப் பாடம் இதோட போதும்."

அந்தக் கைதட்டல், வாடையைவிடக் குமட்டியது.

எல்லாரும் போன பிறகு மேடம் என்னைப் பிடித்துக்கொண்டார். "உள்பக்கம்னு ஏன் சொன்னீங்க?"

"நான் சொல்லல மேடம். நீங்க கூப்பிட்ட இன்னொரு அம்மாவைக் கேளுங்க."

"நான் வேற யாரையும் கூப்பிடலையே."

அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இடது கை இல்லாத அம்மா, இந்தக் கதவு வழியாத்தான் போனாங்க."

"அது வழியா யாரும் போக முடியாது."

திறந்தேன்.

வழி இல்லை.

மூக்குக்கு நேரே கண்ணாடி. மியூசிய அலமாரியின் பின்பக்கம், கதவை ஒட்டி நின்றது. ஒரு விரல்கூட நுழையாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜாடி.

ஜாடிக்குள் கை.

நாங்கள் பார்த்தது அதன் உள்பக்கம்.

முழங்கைக்குக் கீழே ஒரு பள்ளம். ஓரம் கறுத்து, பச்சை பூத்து... நடுவில் எலும்பு.

அவள் விரல் வைத்த அதே இடம்.

தொட்டிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

மேடம் அசையாமல் நின்றார். "மாணவியா இருந்தப்ப இந்தக் கையை வச்சுத்தான் எங்களுக்குப் பரீட்சை. எல்லாரும் முன்பக்கம் நின்னு மூணு தழும்பைத்தான் பாத்தோம்." கண்ணாடியில் அந்தப் பள்ளத்துக்கு நேரே விரலை வைத்தார். "இது ஆறவே இல்ல. இந்தப் புண்ணோட யாரும் வீட்டுக்குப் போயி நல்லா வாழ முடியாது. சீழ் இருக்கும்போதே, உயிரோட இருக்கும்போதே வெட்டியிருக்காங்க. அவங்க குடுக்கல."

அப்போதே துறைத்தலைவருக்குப் போன் செய்தார். "அத்தனை வருஷம் மருந்துத் தண்ணியில ஊறின தோல் அப்படித்தான் இருக்கும்" என்றாராம். அலமாரிச் சாவி அவரிடம் மட்டும்தான். திறக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை மேடம் எனக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார்.

பரீட்சைக்காக மியூசியத்தைத் திறந்திருக்கிறார்கள். ஜாடி திரும்பியிருந்தது. உள்பக்கம் கூடத்தைப் பார்த்து. மாணவர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று பார்த்துவிட்டார்கள். இனி அந்தப் பாடத்தை யாரும் நிறுத்த முடியாது.

அலமாரிப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. அந்த ஜாடியை அசைக்க இரண்டு ஆள் வேண்டும். துறைத்தலைவரே வந்து, தன் சாவியால் திறந்து பார்த்தாராம். ஜாடி மேல் வருஷக்கணக்கான தூசி. அதில் ஓர் உள்ளங்கைத் தடம், புதிதாக.

ஒன்றே ஒன்று. வலது கை.