தேய்த்த கை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மச்சானின் மகன் துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து திருநின்றவூரில் என் வீட்டு மேசை மேல் வைத்தான். சின்னப் பைதான், ஆனால் வைத்த வேகத்தில் மேசை குலுங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்காமலே தெரிந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வார்ப்பிரும்புப் பலகை, ஒரு முகம் மட்டும் மட்டமாகச் சுரண்டியது. அதைப்போல் இரண்டு ஏற்கெனவே என் வீட்டில் இருந்தன.

மச்சான் என்றால் சொந்தமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் மெஷின் செய்யும் பட்டறை ஒன்றில் இருபத்தாறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். மெஷினின் அடிப்பாகமான படுகையைத் தலைமுடியளவுகூட மேடு பள்ளம் இல்லாமல் கையால் சுரண்டி மட்டமாக்குவது அவன் வேலை. அதைச் சோதித்துப் பார்த்து, தேறும் தேறாது என்று சொல்வது என் வேலை. நான் தேறாது என்றால் அவன் கோபப்பட மாட்டான். "கண்ணத் தொடச்சிகினு இன்னொருக்கா பாரு மச்சான்" என்பான். பாதி நேரம் அவன்தான் சரியாக இருப்பான். ஆயுத பூஜைக்குப் பொரி கடலை மட்டும் ஒரு பிடி கூடுதலாகவே வாங்கிக்கொள்வான், தன் உளிக்குப் பொட்டு வைக்க விடமாட்டான். என்னைக்கூட, வேலை ஒன்றும் செய்யாமல் குற்றம் மட்டும் கண்டுபிடிப்பதால் சாமி என்றுதான் கிண்டல் செய்வான்.

ஞாயிறுதோறும் மதியம் அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் மனைவி அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே இருவரும் சண்டை ஆரம்பிப்பார்கள். இந்த உலகத்துக்கு ஆரம்பம் உண்டா, ஆரம்பித்தது யார் என்பதுதான் எப்போதும் சண்டை. நான் நடுவில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவள் எங்கள் தொழிலையே எடுத்து அவனை மடக்கினாள். ஒரு பலகை மட்டமா என்று பார்க்க அதைவிட மட்டமான பலகை வேண்டும், அதைச் சரி பார்க்க இன்னொன்று வேண்டும், இப்படியே பின்னால் போனால் யாரும் செய்யாமல் தானே மட்டமாக இருந்த ஒன்று இருந்தாக வேண்டும், அதைத்தான் நான் சாமி என்கிறேன் என்றாள்.

அடுத்த வாரம் மச்சான் பட்டறையின் கழிவுக் குவியலில் இருந்து மூன்று இரும்புத் துண்டுகளோடு வந்தான். ஆறு ஞாயிறு எங்கள் பின்கட்டில் உட்கார்ந்து வேலை செய்தான். ஒன்றின் மேல் நீல மையைப் பூசி அடுத்ததை அதன் மேல் தேய்ப்பான். மேடான இடத்தில் மை ஒட்டும், அதைச் சுரண்டுவான். இரண்டை மட்டும் தேய்த்தால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்திவிடும், தப்பு தெரியவே தெரியாது. மூன்றாவது வந்தால்தான் குட்டு வெளிப்படும். இப்படி மூன்றையும் மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் எதை எதன் மேல் வைத்தாலும் முகம் முழுக்கச் சீராக நீலம் ஒட்டியது.

"பாத்தியா தங்கச்சி, இதுக்கு முன்னாடி மட்டமா எதுவும் இல்ல. மூணு கோணலும் ஒண்ணோட ஒண்ணு உரசிகினு தானா மட்டமாயிட்ச்சி" என்றான்.

அவள் அவன் கையைப் பார்த்தாள். முழங்கை வரை நீலம். "தேய்ச்சது நீங்கதானேண்ணா?" என்றாள்.

மச்சான் சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரை கேட்டிருக்கும். ஆளுக்கு ஒரு பலகை என்று பிரித்துக்கொண்டோம். அவள் தன்னுடையதை மாவுப் பாத்திர மூடி மேல் பாரமாக வைத்தாள், பூனைக்குப் பயந்து.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் போனாள். காய்ச்சல் என்று படுத்து ஒன்பதாம் நாள். வந்தவர்கள் எல்லாரும் கடவுள் கூப்பிட்டுக்கொண்டார் என்றார்கள். எனக்கு அது யார் வாயிலிருந்து வந்தாலும் போதவில்லை, மச்சான் வாயிலிருந்து வர வேண்டும் என்று தோன்றியது. கையைப் பிடித்துக்கொண்டு, மேலே ஒருத்தன் இருக்கிறான், அவனிடம்தான் போயிருக்கிறாள் என்று இன்றைக்கு மட்டும் சொல் என்று கெஞ்சினேன்.

"தெரியாதத தெரியும்னு சொல்லி உன்னத் தேத்த எனக்கு வரல மச்சான்" என்றான்.

எழுந்து போ என்றேன். போய்விட்டான். பிறகு ஒருமுறை ஆவடி ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரத்தில் அவனைப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நான் ரயில் வருகிறதா என்று வேறு பக்கம் பார்த்தேன்.

தனியாக இருப்பது பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. குரல் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டுச் சமையலறையில் சாப்பிடுகிறேன். சாமி எங்கே என்று சண்டைக்கு வர ஆளில்லாத வீட்டில், சாமிக்கு விளக்கேற்றுவதில்கூட ருசி இல்லை.

அன்று பையைக் கொண்டுவந்த மகன் சொல்லித்தான் மச்சான் செத்துப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது என்று தெரிந்தது. தூக்கத்திலேயே போய்விட்டானாம். பலகையை என்னிடம் சேர்க்கச் சொல்லி முன்பே சொல்லி வைத்திருந்தானாம்.

"தெனமும் எண்ண போட்டுத் தொடச்சி வெப்பாரு மாமா. இந்த இரும்ப வச்சிகினு இன்னா பண்றன்னு கேட்டா, உங்க அத்த ஒரு கேள்வி கேட்டுச்சுடா, இன்னும் பதில் தெரிலம்பாரு" என்றான்.

பையன் போனதும் மற்ற இரண்டையும் தேடி எடுத்தேன். என்னுடையது பரணில் துருப்பிடித்துக் கிடந்தது. அவளுடையதும் இந்த ஆறு வருஷத்தில் துருவேறி, ஓரத்தில் பழைய மாவு காய்ந்திருந்தது. மச்சானுடையதில் மட்டும் ஒரு புள்ளி துரு இல்லை. அவன் ஒருநாளும் சாமி இல்லை என்று அடித்துச் சொன்னவன் இல்லை, தெரியாது என்றுதான் சொன்னான். அதற்காகவா அவனைத் துரத்தினேன் என்று நினைக்கும்போது வெட்கமாக இருந்தது. இரண்டையும் முடிந்தவரை தேய்த்துத் துடைத்தேன். பழைய டியூபில் மிச்சமிருந்த நீல மையை அவனுடையதில் பூசி, அவளுடையதை மேலே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு மூலையில் மட்டும் ஒட்டியது. என்னுடையதில் அதுவும் இல்லை. சுரண்டிச் சரி செய்யலாம், எனக்குச் சுரண்டத் தெரியாது.

பழைய பழக்கத்தில் "தேறாது மச்சான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை பார்த்தேன்.