அவசரப்பட்டுச் சொன்ன சாட்சி

கர்த்தருக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அழாமல் சொல்ல முடியவில்லை.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் எங்கள் மலைக் கிராமமான தலைச்சோலையில் காப்பி பூத்தது. மலையே மணக்கும் நேரம் அது. எஸ்டேட் வேலைக்குப் போய் வந்த என் கணவர், "ஏம்புள்ள, இந்த வருசம் பூவுக்கு வாசமே இல்லையே" என்றார். நான் சிரித்தேன். இந்தப் பனியில் யாருக்குத்தான் மூக்கு அடைக்காது?

பிறகு அவருக்கு வலது மூக்கில் மட்டும் ரத்தம் கசிந்தது. சபையார் எங்கள் வீட்டில் உபவாச ஜெபம் வைத்தார்கள். ரத்தம் நின்றது. அடுத்த ஞாயிறே அவர் சபையில் எழுந்து, சுகமாகிவிட்டது என்று சாட்சி சொன்னார். சொல்லச் சொன்னவள் நான்தான்.

மழைக்காலத்தில் ரத்தம் திரும்ப வந்தது. "ஏனுங்க, சேலம் போய்க் காட்டலாமுங்க" என்றேன்.

"சாட்சி சொன்ன வாயாலயே திரும்ப வந்துருச்சுன்னு எப்படிப் புள்ள சொல்றது? ஆண்டவர் பேரு கெட்டுப் போயிருமல்ல" என்றார்.

நானும் வாயை மூடிக்கொண்டேன். ரத்தம் பட்ட தலையணை உறையை யாருக்கும் தெரியாமல் துவைத்தேன். ஆண்டவர் பேரைக் காப்பாற்ற நாங்கள் யார்?

அவருக்கு வலது கண் பிதுங்கிய பிறகுதான் போதகரிடம் போய் அழுதேன். அவர் கோபப்படவில்லை. "சுகம் கேட்டது போதுங்கம்மா. உள்ள என்ன இருக்குதுன்னு காட்டும் ஆண்டவரேன்னு கேளுங்க. நாளைக்கே பஸ் ஏறுங்க" என்றார். அப்படியே கேட்டேன்.

சேலத்தில் மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். சாதாரணச் சதை வளர்ச்சி என்று வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் டாக்டரம்மா, "ஒரு பக்கம் மட்டும் ரத்தம் வருது, வாசமும் தெரியலை, கண்ணும் பிதுங்குது. எனக்கு மனசு ஒப்பலைங்க" என்றார். ஸ்கேன் எடுத்து, இன்னும் ஆழத்திலிருந்து மறுபடி சதை எடுத்தார். வாசனை நரம்பில் அபூர்வமாக வரும் புற்றுக்கட்டி என்று அதில்தான் தெரிந்தது. மூளைக்குள் இன்னும் போகவில்லை. டாக்டரம்மாவுக்கு அந்த ஒப்பாத மனதைக் கொடுத்தவர் என் தேவன்.

ஆபரேஷனும் கதிர் சிகிச்சையும் முடிந்து இன்று என் கணவர் உயிரோடு இருக்கிறார். வலது கண் நரம்பு மட்டும் முன்பே நசுங்கி, அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. முதல் ரத்தத்திலேயே வந்திருந்தால் பார்வை தப்பியிருக்கும் என்றார் டாக்டரம்மா. அதை நினைக்காத நாள் இல்லை. என் கணவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது, சுகமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வலியை மறைத்துக்கொண்டிருக்கலாம். ஆண்டவரை நம்புங்கள். நம்பி, வலி திரும்ப வந்துவிட்டது என்று சபையிலும் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். ஆண்டவர் பேர் அதனால் கெடாது. நாங்கள் சொல்லாமல் விட்டதில் என் கணவரின் கண் கெட்டது.