சக்கரம் மெதுவாகச் சுற்றியதற்குக் காரணம்

காப்புரிமை அலுவலகத்துக்குப் போன அன்று காலை, எங்கள் கம்பெனியின் பேட்டன்ட் வக்கீல் எனக்கு ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார். "உள்ளே போனதும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்." மரியாதையாகத்தான் சொன்னார். காபி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். கண்டுபிடித்தவள் நான், மனுவின் முதல் பக்கத்தில் இருப்பது என் பெயர். ஆனாலும் அந்த அறையில் நான் உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் காபி.

நான் அப்போது வேலை பார்த்தது சூதாட்ட மெஷின் செய்கிற கம்பெனியில். ஜெர்மனியில், மியூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கில் முதுகலை படித்து முடித்தபோது, வேலை தேட அரசாங்கம் கொடுத்திருந்த அனுமதி கரைந்துகொண்டிருந்தது. கேட்ட இடத்திலெல்லாம் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். எடுத்துக்கொண்டது இவர்கள் மட்டும்தான். மதுக்கடைகளிலும் ஆட்டக்கூடங்களிலும் சுவரோரமாக நின்று மினுக்கிக்கொண்டிருக்குமே, அந்த மெஷின். காசு போட்டுப் பொத்தானை அமுக்கினால் திரையில் பழங்களும் மணிகளுமாக மூன்று சக்கரங்கள் சுற்றும். மூன்றும் ஒரே படத்தில் வந்து நின்றால் பரிசு. பெரும்பாலும் நிற்காது. அதற்குள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டுகள் என் பொறுப்பு. கூட வேலை பார்த்தவர்கள் தங்கமானவர்கள். பிறந்தநாள் வந்தால் அவரவரே கேக் சுட்டு எடுத்துவந்து ஊட்டாத குறையாகக் கொடுப்பார்கள். செய்கிற பொருளைத் தவிர வேறு எதிலும் நான் குறை சொல்ல முடியாது.

பொருளில் என்ன குறை என்றால், என் தம்பி. விருதுநகரில் சொந்தமாக மொபைல் கடை வைத்திருந்தான். ஆன்லைன் ரம்மியில் அதைத் தொலைத்தான். கடை போன பிறகு கொஞ்ச நாள் அவனையே காணவில்லை. அந்த நாட்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. திரும்பி வந்தான், இன்னொருவர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான், இப்போது நன்றாக இருக்கிறான். எனக்குக் கிடைத்த வேலை இன்னதென்று நான் போனில் சொன்னபோது, "சம்பளமெல்லாம் ஒழுங்கா குடுப்பாங்களாக்கா?" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எங்களுக்குள் அது சகஜம். அவன் கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

வெளியே வர ஒரு வழி கிடைத்தது. ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப் செய்கிற ஒரு கம்பெனி. நேர்முகத் தேர்வு நடத்திய பிரிவுத் தலைவருக்கு நான் செய்திருந்த வேலை பிடித்துப்போயிற்று. ஆனால் மனுஷர் விவரமானவர். காப்புரிமை அலுவலகத்தில் என் மனுவின் கோப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவர் பார்த்திருந்தார். "இது வெறும் ஆட்ட விதி, இதில் தொழில்நுட்பமே இல்லை என்று மனுவைச் சோதித்த ஆய்வாளர் எழுதியிருக்கிறாரே," என்றார். "நான் உங்களை நம்புகிறேன். ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு மேலிடத்தில் என்னால் பேச முடியாது. முடிவு வரட்டும். அதுவரை இந்த இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

அந்த வரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்குப் புதிதாக விதி வகுத்தால் அதற்குக் காப்புரிமை கிடையாது. விதி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் சரி, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தாலும் சரி, வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பொறியியல் சிக்கல் ஒன்றைப் பொறியியல் வழியாகத் தீர்த்திருக்க வேண்டும். அப்போதுதான் அது புதிதா பழசா என்ற பேச்சே. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. என்னை உறுத்தியது வேறு. நீ செய்தது எஞ்சினியரிங்கா, சூதாட்டமா என்று நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இப்போது ஒரு அரசாங்க அலுவலகம் முத்திரை வைத்துக் கேட்டிருந்தது.

கதை ஆரம்பித்தது மியூனிக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டக்கூடத்தில். உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியக் கூடாது என்று கண்ணாடி முழுக்கப் படம் ஒட்டிய கடை. எங்கள் புது மெஷினைச் சோதனைக்கு வைத்திருந்தோம். நான் போயிருந்த நேரம், ஒரு மூதாட்டி மெஷினைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கூட்டித் துடைக்க வந்தவர் வாக்குவம் கிளீனருக்கு இடம் வேண்டும் என்று எங்கள் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த நேரம். திரும்பச் செருகியதும், மெஷினுக்குள் இருக்கிற ஒரு போர்டு பரிசு விழுந்தது என்கிறது, கணக்கு வைத்திருக்கும் இன்னொரு போர்டு அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறது. மூதாட்டி செர்ரிப் பழங்களைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்.

"பிளக்கைப் பிடுங்காதீர்கள் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்," என்றார்கள் என் குழுவில். இந்த நாட்டில் கரண்ட் போகாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் பொறியியல் படித்தது தமிழ்நாட்டில் நாள் பாதி மின்வெட்டாக இருந்த காலத்தில். லேபில் எதைச் செய்தாலும் கை தானாக அடிக்கடி சேமித்துக்கொள்ளும். இன்றைக்கும் எந்த சர்க்யூட்டைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது, நடுவில் கரண்ட் போனால் இது எங்கே போய் நிற்கும் என்பதுதான். குழுவில் அது பெரிய வேடிக்கை. திங்கட்கிழமையானால், "உங்கள் ஊரில் கரண்ட் வந்துவிட்டதா?" என்பார்கள். நானும், "வந்துவிட்டது, உங்கள் ரயில் வந்துவிட்டதா?" என்பேன். இங்கே ரயில்கள் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஸ்டிக்கர் ஒட்டவில்லை. மின்சாரம் போன பிறகும் கெப்பாசிட்டரில் கண்ணிமைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் சக்தி மிஞ்சும். அந்த நேரத்துக்குள் போர்டு ஒவ்வொன்றும் தான் எங்கே இருந்தது என்பதை அழியாத இடத்தில் எழுதிக்கொள்ளும்படி செய்தேன். மின்சாரம் திரும்பியதும் இரண்டும் தங்கள் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால்தான் முடிவைத் திரையில் காட்டும். ஒப்பிடச் சில நொடிகள் பிடித்தன. அதுவரை திரை சும்மா இருக்க வேண்டாமே என்று சக்கரங்களை மெதுவாகச் சுற்றவிட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

அந்த மெதுவான சக்கரத்தை விற்பனைப் பிரிவு பார்த்துவிட்டது. வந்தது வினை. "அடடா, என்ன ஒரு பரபரப்பு!" என்றார்கள். சூதாட்ட மெஷின் செய்கிறவர்களுக்கு இது ஒரு பழக்கம். ஒரு ஆணியை மாற்றினால்கூட, ஆட்டக்காரருக்கு அதனால் என்ன கிளர்ச்சி என்றுதான் எழுதுவார்கள். மனுவையும் அப்படித்தான் எழுதவைத்தார்கள். ஆட்டக்காரரின் எதிர்பார்ப்பைக் கூட்டும் மெதுவான மறுசுழற்சி என்பது தலைப்பு. பக்கத்துக்குப் பக்கம் பரபரப்பு. என் கெப்பாசிட்டரும் போர்டுகளும் கடைசியில், கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வந்த தூரத்து உறவு மாதிரி ஒதுங்கி நின்றன. வக்கீல் அதையும் எடுத்துவிடலாம் என்றார். நான் சண்டை போட்டு வைக்கவைத்தேன். தொலைநோக்கெல்லாம் ஒன்றுமில்லை. நான் செய்தது அது ஒன்றுதான், அதையும் எடுத்துவிட்டால் என் பெயர் எதற்கு என்ற கடுப்பு.

ஆக, விசாரணை அறை. நீள மேஜை, தண்ணீர்ப் பாட்டில்கள். எதிரே ஆய்வாளர், ஐம்பதைத் தாண்டிய பெண், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்திருந்தார். வக்கீல் ஒரு மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் பேசப் பேச எனக்குக் கண்ணைக் கட்டியது. அவர் ஆட்டக்காரர் என்று சொல்லும்போதெல்லாம் ஆய்வாளர் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். கடைசியில் அவர் நிமிர்ந்து, "ஒரு எளிய கேள்வி," என்றார். "சக்கரம் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது?"

"ஆட்டக்காரரின் ஆர்வத்தை..." என்று வக்கீல் தொடங்கினார்.

"இல்லை," என்றேன் நான். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அது காத்திருக்கிறது. போர்டுகள் இரண்டும் ஒத்துப்போகும் வரைக்கும் அது முடிவைக் காட்டக் கூடாது. அதனால்தான் மெதுவாகச் சுற்றுகிறது. ஆர்வத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை."

வக்கீல் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் காபியைத் திருப்பிக் கேட்டுவிடுவார் போலிருந்தது. ஆய்வாளர் தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். போர்டுகள் எதற்காக ஒத்துப்போக வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். "ஜெர்மனியில் மின்சாரம் எத்தனை தடவை போகிறது?" என்று கேட்டார். வாக்குவம் கிளீனர் கதையைச் சொன்னேன். செர்ரிப் பழ மூதாட்டி வந்த இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இதெல்லாம் தாக்கல் செய்த மனுவில் இருக்கிறதா? இல்லாததை இப்போது சேர்க்க முடியாது, தெரியுமல்லவா?"

"கடைசிப் பகுதியில் இருக்கிறது," என்றார் வக்கீல். குரலே மாறியிருந்தது. தாமே முன்கூட்டி யோசித்து வைத்தவர் போலச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆய்வாளர் புரட்டிப் படித்தார். நீண்ட நேரம் படித்த மாதிரி இருந்தது. பிறகு, "நீங்கள் உரிமை கேட்க வேண்டியது இதற்குத்தான்," என்றார். "ஆட்டக்காரரின் மனநிலையைப் பற்றிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வாருங்கள். பிறகு பேசலாம்."

பக்கத்து அறையில் உட்கார்ந்து மனுவிலிருந்து ஒவ்வொரு சொல்லாக அடித்தோம். பரபரப்பு, அடி. எதிர்பார்ப்பு, அடி. கிளர்ச்சி, இருக்கையை விட்டு எழாமல், மீண்டும் ஆடத் தூண்டும், அடி, அடி, அடி. வக்கீல் ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்தார், நானோ ஊரில் வீட்டுக்கு ஒட்டடை அடிக்கிற உற்சாகத்தில் இருந்தேன். திருத்திய வாசகத்தை அனுப்பியதும் விற்பனைப் பிரிவிலிருந்து போன் வந்தது. "எங்கள் பரபரப்பு எங்கே போயிற்று?" என்று மறுமுனையில் கத்தியது எனக்கே கேட்டது. "பரபரப்புக்குப் பேட்டன்ட் கொடுக்க மாட்டார்களாம்," என்று சொல்லி வக்கீல் வைத்துவிட்டார். அந்த நிமிடம் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆட்ட மெஷின் என்ற சொல் மிஞ்சியது. அதையும் அடிக்கலாமா என்று கேட்டேன். "முடியாது," என்றார் வக்கீல். "நீங்கள் செய்தது ஆட்ட மெஷினுக்குள்தானே? எழுதியதைவிட அகலமாக இப்போது கேட்கக் கூடாது." அதுவும் நியாயம்தான். நான் வேலை பார்த்த இடம் அது, அதை அடித்துவிட்டால் மட்டும் இல்லை என்றாகிவிடாது.

திரும்ப உள்ளே போனோம். ஆய்வாளர் புது வாசகத்தைப் படித்தார், ஒரு கேள்வி கேட்டார், பிறகு இன்னொன்று. "இது தொழில்நுட்பச் சிக்கல், தீர்வும் தொழில்நுட்பத் தீர்வு," என்றார் அவர். "இதற்கு முன்பு இப்படி யாரும் செய்ததாக என் தேடலில் இல்லை. காப்புரிமை வழங்குகிறேன்." வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது என்று நம் ஊரில் சொல்வார்களே, எனக்கு அந்தப் பால் தொண்டை வழியாக இறங்குவதே தெரிந்தது. எழுந்தபோது கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆய்வாளர் கைகொடுத்து, "அந்தப் பாட்டிக்குப் பணம் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். கொடுத்தோம் என்றேன். உண்மையிலேயே கொடுத்திருந்தோம்.

வெளியே வந்ததும் பம்ப் கம்பெனிக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். யு-பான் என்கிற சுரங்க ரயில் நிலையத்துக்குப் படியிறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. எப்போது சேர முடியும் என்று கேட்டிருந்தார். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டேன். இன்றைக்கு ஒரு முடிவு தெரியும் என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தேன்.

"என்னக்கா ஆச்சு?"

"கெடச்சிருச்சுடா."

இத்தனை காலம் கேட்காததைக் கேட்டான். "எதுக்குக்கா குடுத்தாங்க? அந்த ஆட்டத்துக்கா?"

"ஆட்டத்துக்கு இல்லடா. ஆட்டத்தப் பத்தி எழுதுனதையெல்லாம் அடிச்சிட்டு வரச் சொல்லிட்டாங்க. நடுவுல கரண்ட் போச்சுன்னா கணக்கு காணாமப் போயிரக் கூடாதுல்ல, அதுக்கு வழி பண்ணியிருந்தேன். அதுக்குத்தான் குடுத்தாங்க. அதே வேலைய இனிமே ஆஸ்பத்திரி பம்புக்குப் பண்ணப் போறேன். இந்த மெஷின விட்டாச்சு."



"அப்ப உன் மெஷின்ல கரண்ட் போனாலும் காசு போகாது," என்றான்.

"போகாது."

"கரண்ட் இருந்தாத்தான் போகும்."

சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான். கடை போவதற்கு முன்னால் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு, மூக்கால் இழுத்து இழுத்து. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். நடைமேடையில் நின்றவர்கள் பார்த்தார்கள், பார்த்துக்கொள்ளட்டும். நான் குடியிருக்கும் கார்ஹிங்குக்குப் போகிற ரயில் வந்தது. போனை வைக்க மனமில்லை. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.