உப்புக்கண்டத்தில் கம்பெனி உப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூர்ப் பக்கம் உணவு ஆய்வாளராக இருந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒன்றிரண்டு தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். கட்டட வேலையாட்கள் இருவர் உதடு நீலம் பாரித்து ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பதாக டாக்டர் சொல்லியனுப்பினார். பிழைத்துவிட்டார்கள். இருவருமே சந்தையில் வாங்கிய உப்புக்கண்டத்தை, அதாவது உப்பிட்டுக் காயவைத்த கறியை, தின்றவர்கள்.

விற்றவர் நடுத்தர வயதுக்காரர். மனைவியும் கடையில் இருந்தாள். உப்புக்கண்டம் காயக் காயக் கறுத்துப்போகும். இவர் கடையில் தொங்கியதோ காலையில் வெட்டிய கறிபோலச் சிவந்திருந்தது.

“உப்பு தவிர வேற என்ன போட்டீங்க?” என்று கேட்டேன்.

“மஞ்சத்தூளு. வேற இன்னா போடுவாங்க?”

சட்டப்படி பரிசோதனைக்கான மாதிரியை விலை கொடுத்து வாங்கி, மூன்று பங்காக்கி, சாட்சியை வைத்துக்கொண்டு முத்திரையிட வேண்டும். நான் அரக்கை உருக்குவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“விஷமா விக்கிறேன்? பாத்துக்குங்க, நானே துன்றேன்!” என்று கத்தியவர், பக்கத்து டீக்கடை அடுப்பில் நாலைந்து துண்டுகளை வாட்டி மென்று விழுங்கினார்.

நான் கிளம்பும் நேரத்தில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உதடு நாவற்பழம் தின்றதுபோல ஆகியிருந்தது.

“அந்தக் கம்பெனி உப்பு வாணாம்யான்னு அடிச்சிக்கினேனே!” என்று மனைவி அலறினாள்.

ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஊசி போட்ட சற்று நேரத்தில் நிறம் திரும்பியது. மறுநாள் போய்ப் பார்த்தேன். தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவன் கொடுத்த உப்பாம்.

“இரும்புல துரு ஏறாம இருக்கப் போடறதாம் சார். ஒரு சிட்டிகை போட்டா கறி செவப்பாவே இருக்கும்னான். இந்தத் தபா கை கொஞ்சம் ஜாஸ்தியா பூட்ச்சி.”

“தெரிஞ்சும் ஏன் தின்னீங்க?”

“எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்களே சார்.”

பரிசோதனையில் அது சோடியம் நைட்ரைட் என்று உறுதியானது. வழக்கு நடந்தது. எந்தெந்த உணவில் எதைச் சேர்க்கலாம் என்னும் விதியில் உப்புக்கண்டம் என்ற பேரே இல்லை, அதனால் குற்றமும் இல்லை என்று அவருடைய வக்கீல் வெகுநேரம் வாதாடினார். நடுவில் விற்றவரே கைகூப்பினார்.

“ஐயா, நான் துன்னு பாத்துட்டேன். தப்புதான்.”

வக்கீல் சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தார். அபராதமும், கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்கும் தண்டனையும் கிடைத்தன. சாயங்காலம் புருஷனும் பெண்சாதியும் பஸ் ஏறினார்கள். மறுநாள் எனக்கு ஊத்துக்கோட்டையில் பரிசோதனைக்குப் பால் எடுக்கும் வேலை இருந்தது.