தாவீது பார்க்காத தறி

தலையைச் சாய்த்து, காதை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தாவீது உளியைச் சுத்தியலால் தட்டுவார். 'டொக்' என்றால் துளை சுத்தம். 'சத்' என்றால் பிசிறு. பிசிறு விழுந்த அட்டையை அந்த நிமிஷமே கிழித்துப் போட்டுவிடுவார். "ஜரிகைய முழுங்கிடும்பா இது" என்பார்.

ரயிலடிப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் அவர் குத்துகிற அட்டைதான், ஊருக்குள் எங்கோ ஒரு தறியின் தலைமேல் ஏறி, எந்த இழை எப்போது எழும்ப வேண்டும் என்று சொல்கிறது. ஆயுதமெல்லாம் சொந்தத் தயாரிப்பு. குடைத்தண்டுக் குழாயை அறுத்துத் தீட்டிய உளிகள், துளை எங்கே விழ வேண்டும் என்று காட்ட, தறிக்கொரு துளைத்தகடு. அட்டையை மாட்டும் ஜக்காடு பெட்டி ஒரு வீட்டில் இருப்பதுபோல் இன்னொரு வீட்டில் இருந்தால்தானே! ஒருவர் பெங்களூரில் வாங்கியிருப்பார், இன்னொருவர் வாலாஜாபாத் தச்சரைப் பிடித்துச் செய்திருப்பார். அதனால் நேரில் போய், இழையைத் தூக்கும் முதல் கொக்கி எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால்தான் வேலை தொடங்கும். "தறியக் கண்ணால பாக்காம என் கை ஓடாதுபா."

ஓடாமலா இருந்தது? நமச்சிவாய முதலியார் விஷயத்தில் ஓடிவிட்டதே! மகள் வடிவாம்பாளின் முகூர்த்தப் புடவையை முதலியார் தம் கையாலேயே நெய்ய ஆசைப்பட்டார். இரண்டு கரையிலும் அன்னம், ஒன்றையொன்று பார்த்தபடி. ஆனால் தாவீது சேரியிலிருந்து வருகிறவர். மற்ற வீடுகளில் பின்வாசல் வழியாகவாவது விடுவார்கள். இங்கே அதுவும் இல்லை. தெருவிலேயே நிறுத்தி, "எல்லாரு தறி மாதிரியும்தான் இருக்குது, போய் அடி" என்றார் முதலியார். என்ன அநியாயம்! தாவீதும் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்து அடித்துக் கொடுத்துவிட்டார்.

நாலாம் நாள் ஆள் வந்து கூப்பிட, அலறியடித்துக்கொண்டு ஓடினார். வாசலில் முதலியார் நிற்க, அவர் மனைவி ஜெயம்மாள் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு அன்னமும் முதுகக் காட்டிக்கினு நிக்குதே! வாழப்போற பொண்ணு இதையா கட்டிக்கினு மணையில குந்தும்?"

தாவீதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அட்டையை யாரும் குறை சொன்னதில்லை.

"பொட்டி மூஞ்சி எந்தப் பக்கம், மொதலியாரே?"

"சொவத்தப் பாத்து. எடம் பத்தலன்னு நான்தான் திருப்பி மாட்டினேன்."

"ஐயையோ! பொட்டி எப்டி இருந்தாலும், எல்லா வூட்டுலயும் மூஞ்சி நெய்யறவரப் பாத்து இல்ல இருக்குது! அதான் மொதக் கொக்கி பக்கம் மாறி, அன்னமும் திரும்பிக்கிச்சி!"

முதலியார் திரும்பி, உள்ளே தறி இருந்த பக்கம் பார்த்தார்.

"நெய்ஞ்சது ஒரு சாண்தானே, பிரிச்சிடலாம்" என்றார் தாவீது. "அட்டையையும் திருப்பிக் கோத்துடலாம். ஆனா நானே தறியில குந்தி, மிதிச்சிப் பாக்கணும். இந்தவாட்டி வாய் வார்த்தைய நம்பிக் கை வெக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஜெயம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவர் உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், இனி இந்தத் தெருவிலேயே வேலை கிடைக்காது என்று தாவீது நினைத்தார்.

"இன்னும் என்னாத்துக்கு அங்கியே நிக்கற? வாப்பா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நிலைப்படியைத் தாண்டியவர் தறிக்கு முன்னால் திகைத்து நின்றார். முதலியார் தாம் உட்கார்ந்து நெய்யும் பலகையைத் தம் மேல்துண்டால் துடைத்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.