கைக்குச் சேராத சங்கு வளையல்

சங்கு வாங்க வங்காளத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஏன் ஆள் வரவேண்டும் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். அங்கேயும் கடல் இருக்கிறதே, அவர்களே முங்கி எடுத்தால் என்ன? சங்கைக் குவித்துவைக்கிற கிட்டங்கியில் மேஸ்திரியாக இருந்த அப்பா, என் கேள்விகளுக்குப் பயந்தே வீட்டுக்குத் தாமதமாக வருவார்.

அது யுத்த காலம். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அந்த வியாபாரியை வங்காளத்து அண்ணாச்சி என்போம். சதை அழுகிய சங்குகளின் நாற்றம் ஊரைத் தூக்கும். அவர் மூக்கைக்கூடச் சுளிக்காமல் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்து, பழுதில்லாததை ஒதுக்குவார். சாப்பாடு எங்கள் வீட்டில். சங்கை அறுத்து வளையல் செய்வார்கள் என்று சொன்ன அன்றே, எனக்கும் ஒன்று வேண்டுமென்று பிடித்துக்கொண்டேன். என் கையை எடுத்துப் பார்த்தார். அவர் மகளுக்கும் என் வயதுதானாம், இதே கைதானாம். அவளுக்குப் போட்டுப் பார்த்து வாங்கி வருவதாகச் சொன்னார். அவ்வளவுதான், பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மறுவருஷம் வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். வங்காளத்தில் பஞ்சம், ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள் என்று அப்பா பேப்பரில் வாசித்ததெல்லாம் எனக்கு வெறும் சேதி. அம்மா சோறு வடித்த கஞ்சியை ஆட்டுத் தொட்டியில் ஊற்றப் போனாள். அவர் பதறி எழுந்து, "கொட்டாதீங்கம்மா" என்று கையை நீட்டினார். வாங்கி நின்றபடியே குடித்தார். சுறாப்புட்டு இருக்கும்போது கஞ்சி எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன்; அம்மா முறைத்தாள்.

பிறகு ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று வளையல். ஆனால் விரல் முட்டியைத் தாண்டவில்லை. அம்மா தேங்காயெண்ணெய் தடவி அமுக்கிப் பார்த்தாள். கை சிவந்ததுதான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? அழுகை வந்துவிட்டது.

"ஏன் அண்ணாச்சி, ஒரு வருஷத்துல நான் வளந்துட்டேன்லா? உங்க மவளும் வளந்திருப்பாள்லா? அவ கையில போட்டுப் பாத்து வாங்கிருக்கலாம்லா?"

அவர் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழைய அளவுதான் இருக்கு, பாப்பா" என்றார்.

"ஏளா, உள்ள போ!" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அளவு தப்பியவரை விட்டுவிட்டுக் கேட்டவளை அடிக்கிறாளே என்று பொருமினேன்.

இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கோ, பெற்ற மகளின் கையைக்கூட அளந்து பார்க்காத சோம்பேறி அப்பா என்று, அவர் ஊருக்குப் போகும்வரை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.