நெல்லி மரத்தடிக்குப் போன பந்து

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் சத்தியவேட்டிலிருந்து கிளம்பினோம். கார் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் முனிரத்தினத்தினுடையது, ஓட்டியதும் அவன்தான். எனக்கிருந்த ஒரே வேலை பசியோடு உட்கார்ந்திருப்பது. புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாமல் இருந்து, ஐப்பசியிலும் தீபாவளிக் கறியோடு நாக்கை அடக்கி வைத்திருந்தேன். எல்லாம் இந்தப் பயணத்துக்காகத்தான்.

முனிரத்தினம் தடாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நன்றாக வேலை செய்ததற்குக் கம்பெனியில் ஒரு கூப்பன் கொடுத்திருந்தார்கள். வாகாடு தாண்டிக் கடற்கரை ஓரமாக ஒரு விடுதியில் இரண்டு பேருக்கு ஓர் இரவு. சாப்பாடு, குடி, கோல்ஃப் எல்லாம் அடக்கம். கட்டின மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, பழுதான மோட்டாருக்குக் காயில் கட்டுகிற என்னை ஏன் கூப்பிட்டான் என்பது எனக்கு முதல் குழப்பம்.

சூளூர்ப்பேட்டையில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. நாயுடுப்பேட்டை வந்ததும் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. அவன் மனைவி சைலஜாவின் பிறந்த வீடு அங்கேதான். கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. இன்றுவரை மாமனார் இவனை வாசற்படி ஏற விட்டதில்லை. எங்கள் பாட்டன்மார் கூலிக்கு அறுப்பு அறுத்தவர்கள். அவர் வீட்டு நெற்களமோ எங்கள் தெருவைவிட அகலம். இப்போது முனிரத்தினத்தின் ஐந்து வயது மகள், தாத்தா எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிட்டாளாம்.

"அவரு சொத்து வோணாம், சீரு வோணாம். அவரு வாயால குந்துன்னு ஒரு வார்த்தை வந்தா போதும்டா எனக்கு" என்றான்.

நண்டு தின்னப் போகிற வழியில் இதென்ன பேச்சு என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் மனசு சங்கடப்பட்டது.

மதியம் பன்னிரண்டரைக்கு விடுதி. நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். முன்னால் கடல், பின்னால் ஏரிக்கரை அளவுக்கு நீண்ட பச்சைப் புல்வெளி. அதை ஒட்டிச் சவுக்கும் நெல்லியும் கலந்த ஒரு தோப்பு. புல்வெளியின் நடுவே ஒரு சிவப்புக் கொடி. ஏதோ கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டுவிட்டுப் பிடுங்காமல் போன கொடி என்று நினைத்தேன். பந்து போய் விழ வேண்டிய குழிக்கு அதுதான் அடையாளம் என்று பிறகு சொன்னார்கள்.

மாலை ஏழு மணிக்குச் சாப்பாடு. நண்டு மசாலா, இறால் வேப்புடு என்கிற வறுவல், வாழையிலையில் சுட்ட வஞ்சிரம். இறாலுக்கு மட்டும் பட்டியலில் நானூற்று எண்பது ரூபாய் போட்டிருந்தது. நமக்குக் கூப்பன் இருக்கிறது என்று இரண்டு தட்டு சொன்னேன். குளிர்ந்த பீர் வந்தது. முனிரத்தினம் எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டான். நண்டையும் தொடவில்லை. தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். நாங்கள் இருவரும் பத்தாவது படித்த காலத்தில் ஒரு முழுக் கோழியைத் தனியாக முடித்த ஆள் அவன். உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து கேட்டேன்.

"கார்த்தீக மாசம் நடந்துகினு கீது. நான் துன்ன மாட்டேன். நீ துன்னு."

தெலுங்கர்களுக்குத் தீபாவளிக்கு மறுநாள் பிறக்கிற மாதம் அது. அவர்கள் கவிச்சியை நிறுத்துவார்கள். நம் ஆட்களுக்குப் புரட்டாசியோடு முடிந்தது கணக்கு. இரண்டு மாதத்துக்கும் பட்டினி கிடக்கிற தமிழனை அன்றுதான் பார்த்தேன். விரதக்காரன் ஏன் இந்த வாரத்தில் கூப்பனைச் செலவழிக்கிறான்? அவன் பங்கு நண்டையும் நானே கவனித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பிக் கடலுக்கு இழுத்துப் போனான். தலை முழுகச் சொன்னான். நேற்றுத் தின்ற நண்டு கழுவிப் போக வேண்டும் என்பதுபோல மூன்று முறை அமுக்கினான். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியதில் கேள்வி கேட்கவும் தோன்றவில்லை.

பத்தரைக்கு கோல்ஃப். ஒரு வாளிப் பந்து முந்நூறு ரூபாய், அதுவும் கூப்பனில். சொல்லிக்கொடுக்க வந்தவர் காலை இப்படி வை, இடுப்பை அப்படித் திருப்பு என்று எனக்குப் பாடம் நடத்தினார். நான் வீசிய வீச்சில் புல் பறந்தது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. முனிரத்தினம் நன்றாகவே அடித்தான். ஆனால் கொடி இருந்தது வடக்கே, அவன் அடித்ததெல்லாம் மேற்கே இருந்த தோப்புக்குள். அவர் அவன் கையைப் பிடித்துக் கொடியைக் காட்டினார். முனிரத்தினம் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தோப்புக்கே அடித்தான். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

மணி பன்னிரண்டு இருக்கும். "பந்தெல்லாம் அங்கதான் கீது. போய் எடுத்துனு வா" என்று என்னை அனுப்பினான்.

தோப்புக்குள் நெல்லி மரத்தடியில் ஐம்பது பேருக்குப் பந்தி தயாராகிக்கொண்டிருந்தது. வனபோஜனம். கார்த்தீகத்தில் நெல்லி மரத்தின் கீழே கூட்டாகச் சமைத்துச் சாப்பிடுவது தெலுங்கர் வழக்கம். புளிஹோரா என்கிற புளியோதரையின் வாசனை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தார். வனபோஜனத்துக்கு நடுவே வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது, உட்காருங்கள் என்று தெலுங்கில் சொன்னார். கூட ஒரு சிநேகிதன் இருக்கிறான் என்றேன். அவரையும் கூப்பிடுங்கள் என்றார்.

தோப்பு ஓரத்தில் நின்று கையசைத்துக் கூப்பிட்டுவிட்டு, வந்து ஓர் இலையின் முன் உட்கார்ந்தேன். முனிரத்தினம் செருப்பைப் புல்வெளியிலேயே விட்டுவிட்டு மெதுவாக வந்தான். முகமெல்லாம் வேர்வை. அவனைப் பார்த்ததும் பெரியவரின் கை அப்படியே நின்றது. ஓர் அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த அம்மாளின் கண்ணும் மூக்கும் அச்சு அசல் சைலஜா. பெரியவர்தான் முனிரத்தினத்தின் மாமனார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து ஓடலாமா, உட்கார்ந்தே இருக்கலாமா என்று தெரியவில்லை.

உறவுக்காரர் ஒருவர் முனிரத்தினத்தின் பக்கம் எழுந்து வந்தார். பெரியவர் கரண்டியைக் குறுக்கே நீட்டி அவரை நிறுத்தினார்.

"பிலிசிந்தி நேனே" என்றார். அழைத்தது நான்தான். பிறகு முனிரத்தினத்தைப் பார்க்காமல், அவனுக்கு முன்னால் தரையைப் பார்த்துச் சொன்னார்: "கூர்ச்சோ."

உட்கார் என்று அர்த்தம். முனிரத்தினம் உட்கார்ந்தான். பெரியவரே பரிமாறினார். தயிர் சாதத்துக்குத் தாளிதம் கொட்டப் போனவர்களை ஒரு தடவை நிறுத்தி, கொஞ்சம் சாதத்தை எடுத்துத் தனியாக வைத்தார். அது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பும் வழியில் எல்லாவற்றையும் சொன்னான். வருடா வருடம் அவர்கள் எந்த ஞாயிறு இதே தோப்புக்கு வருகிறார்கள் என்பதை மாமியார் ரகசியமாகப் போனில் மகளிடம் சொல்வாராம்.

"நான் மொதல்ல போய் நின்னா எழுந்து போயிருப்பாரு. உன்னை யாருன்னு தெரியாது, குந்த வெப்பாரு. சோத்தைப் பாத்துட்டு சும்மா வர ஆளா நீ?"

என்னைத் தூண்டில் புழுவாக ஆக்கிவிட்டான். கோபம் வந்தது. வயிறு நிறைந்திருந்ததால் நெடுநேரம் நிற்கவில்லை.

எங்கள் ஊரிலும் புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டு ஊரையே கூப்பிடுகிறோம். யோசித்துப் பார்த்தால் அந்த ஊர் எங்கள் தெருமுனையோடு முடிந்துவிடுகிறது. வழியில் போகிற யாரையும் நான் கைகாட்டி நிறுத்தியதில்லை.

நான்கரைக்குச் சூளூர்ப்பேட்டையில் அதே டீக்கடை. கிளம்பும்போது பெரியவர் வண்டி ஜன்னல் வழியாக நீட்டிய பையை அங்கேதான் பிரித்தோம். இரண்டு பெரிய டப்பாவில் புளிஹோரா. அடியில் ஒரு சின்ன டப்பா. அதில் குழையப் பிசைந்த தயிர் சாதம். மிளகாய் இல்லை, கடுகு இல்லை, மேலே மாதுளை முத்து தூவியிருந்தது. பந்தியில் குழந்தையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

முனிரத்தினம் டீயை அப்படியே வைத்துவிட்டான். மீதி வழியெல்லாம் அந்தச் சின்ன டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே வண்டி ஓட்டினான்.